காட்டெலியின் மீது என்ன வழக்கு? தோட்ட நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தோட்டத்தின் முகாமையாளர் அவர்களுக்கும், எலி ஒழிப்புத் தீர்மானத்துக்குக் கைதூக்கிய பிரதேச மட்டக் குழுவினருக்கும்,

மூன்று வாரங்களுக்கு முன், தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்துச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. மேலே சிங்களம், நடுவில் ஆங்கிலம், அடியில் இரண்டே வரியில் தமிழ். தமிழ் வரியின் தொடக்கம் இப்படி இருந்தது: "எளி ஒலிப்பு வேலைத்திட்டம்". இதே தோட்டப் பாடசாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் தமிழ் படிப்பித்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். பழக்க தோஷத்தால் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து லகரத்தையும் ழகரத்தையும் திருத்தினேன். பிறகு மேலே இருந்த சிங்கள வரிகளை வாசித்தேன். திருத்த வேண்டியது எழுத்துப் பிழை அல்ல என்று அப்போதுதான் விளங்கியது.

மேல்மலைக்கும் காட்டுக்கும் இடையிலுள்ள எல்லையில், ஓடையின் இரு கரையிலும் 30 மீற்றர் அகலத்துக்குப் பற்றைகளை வெட்டி அகற்றுவது என்றும், வெட்டிய இடத்திலும் அதற்கு அப்பாலும் நஞ்சுக்கட்டிகள் வைப்பது என்றும் அதில் இருந்தது. காரணம் எலிக்காய்ச்சல். மறுநாளே எட்டுப் பேர் கத்தியோடு ஏறினார்கள். இன்று அந்த ஓடைக்கரையில் பாதித் தூரம் மொட்டையாகிவிட்டது. வேர்களின் இடுக்கிலும் கல்லடியிலும் நீல நிற மெழுகுக் கட்டிகள் கிடக்கின்றன. சவர்க்காரத் துண்டு போல இருக்கும். மிட்டாய் என்று நினைக்கச் சிறுபிள்ளைக்கு ஒரு நொடி போதும்.

எலிக்காய்ச்சலை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடந்த ஐப்பசி மழையில் கழிவுநீர் ஓடும் கான் அடைபட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்து வாசலில் தண்ணீர் ஏறியபோது, அதைத் துப்புரவாக்க வெறுங்காலோடு இறக்கப்பட்டவர்களில் இருவர் பத்தாம் நாள் படுத்தார்கள். ஒருவருக்குக் கெண்டைக்காலில் வலி, கண் சிவப்பு, காய்ச்சல். மற்றவருக்குச் சிறுநீர் நின்றுபோனது. அவரை லொறியில் ஏற்றியபோது கூடவே போனவன் நான். பதினான்கு நாள் வைத்தியசாலையில் கிடந்து உயிரோடு திரும்பினார். அவர் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவர். அவர் மனைவி அந்தப் பதினான்கு நாளும் கொழுந்துக்குப் போகவில்லை. அந்த மாதச் சம்பளச் சீட்டை நான் பார்த்தேன். அதனால் இந்த நோய் என்ன செய்யும் என்பதை உங்கள் குழுவில் யாருக்கும் குறையாமல் எனக்கும் தெரியும்.

ஆனால் அவருக்கு நோய் வந்த இடம் காடு அல்ல. கான். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீர், காலில் இருந்த வெடிப்பு வழியாக உள்ளே போனது. எலிக்காய்ச்சல் பெரும்பாலும் அப்படித்தான் பரவுகிறது. எலி மட்டுமல்ல, மாடும் நாயும்கூட அந்தக் கிருமியைச் சுமக்கும். அன்று அந்தக் கானில் இறங்கியவர்களுக்குச் சப்பாத்து இல்லை, கையுறை இல்லை. கான் ஏன் அடைபட்டது? இரண்டு லயத்துக் குப்பையும் அதன் தலைமாட்டில் மலையாகக் குவிந்து கிடந்ததால். குப்பை ஏன் குவிந்தது? அதைக் கொண்டுபோக ஒருவரும் வருவதில்லை.

எலியைத் தேடி மலையேறியவர்கள் லயத்துக்குள் ஒருமுறை தலையை நீட்டிப் பார்த்திருக்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. அதில் ஆறு பேர், ஏழு பேர். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை, எலிக்கோ தாராளமாக வாய்த்திருக்கிறது. துருப்பிடித்த தகரத்துக்கும் பழைய சீலிங் பலகைக்கும் இடையிலுள்ள அந்த ஓரடி இடைவெளி, அதன் மாளிகை. காம்பராவுக்குக் காம்பரா சுவர் கூரைவரை எழாததால், முதலாம் காம்பராவில் ஏறும் எலி பன்னிரண்டாம் காம்பராவில் இறங்கும். இராத்திரி தலைக்கு மேல் அது ஓடும் சத்தத்தில்தான் எங்கள் பிள்ளைகள் உறங்கப் பழகியிருக்கிறார்கள்.

அறிவித்தலைப் பார்த்த வாரத்தில், பழைய மாணவர் மூவரை அழைத்துக்கொண்டு சின்னச் சோதனை ஒன்று செய்தேன். பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. அட்டைத் துண்டுகளில் கோதுமை மாவைத் தூவி, கூரை இடுக்கில் ஆறும், குப்பைமேட்டருகே நான்கும், மேல்மலைத் தேயிலையின் கடைசி வரிசையில் ஆறுமாக வைத்தோம். மூன்று இரவுகள். கூரை அட்டைகள் ஆறிலும் மூன்று இரவும் கால் தடம். குப்பைமேட்டு அட்டைகளில் தடம் தெரியவில்லை, ஏனென்றால் மாவே மிஞ்சவில்லை. மேல்மலையின் ஆறு அட்டைகளில் ஒன்றில், ஒரே ஓர் இரவு, சில தடங்கள். மூன்று இரவை வைத்து உலகத்துக்குச் சட்டம் எழுத முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் தீர்மானத்துக்கு முன் அந்த மூன்று இரவுகூட யாரும் செலவழிக்கவில்லை.

குப்பையைப் பற்றிப் பேசினால் "அது பிரதேச சபையின் வேலை" என்று தோட்டமும், "தோட்டத்துக்குள் எங்களுக்கு அதிகாரமில்லை" என்று சபையும் சொல்லி வந்த காலம் ஒன்று இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அந்தப் பதிலுக்கு இடம் கொடுத்தது. நாங்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை எங்கள் லயத்து வாசலில் ஒரு சல்லி செலவழிக்கத் தயங்கிய காலம் அது. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டுவிட்டது. சட்டம் மாறிய செய்தி, சபையின் குப்பை ஏற்றும் உழவு இயந்திரச் சாரதிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. வண்டி கீழே கடைவீதி வரை வந்து, எங்கள் ஏற்றத்தைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறது.

இனி காட்டெலியின் கதைக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

பல ஆண்டுகளுக்கு முன், பல்கலைக்கழக மாணவர் இருவர் பொறிக்கூடுகளோடு இந்தப் பக்கம் வந்தார்கள். ஒஹியாப் புகையிரத நிலையத்தில் இறங்கி, தங்க இடம் கேட்டுப் பாடசாலைக்கு வந்தவர்களை என் வீட்டில் வைத்துக்கொண்டேன். பதிலுக்கு என்னை விளக்குப் பிடிக்க அழைத்துப் போனார்கள். உயிரோடு பிடித்து, பார்த்துவிட்டு, அதே இடத்தில் விடும் கூடுகள் அவை. நான்காம் நாள் விடியற்காலை, பாசி மூடிய ஒரு வேருக்குக் கீழிருந்த கூட்டில் அது இருந்தது. முதுகு சாம்பல் நிறம். மழைக்கு முந்திய வானம் போன்ற சாம்பல். வயிறு சுத்த வெள்ளை. உடம்பைவிட நீளமான வால். அந்த வாலும் மேலே கறுப்பு, கீழே வெளுப்பு என இரண்டு நிறம். எங்கள் கூரையில் ஓடும் அழுக்குப் பழுப்பு எலிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கூட்டைத் திறந்ததும் ஒரு கணம் எங்களைப் பார்த்துவிட்டு இலைச்சருகுக்குள் போய்விட்டது. நாற்பது ஆண்டுகள் இந்த மலையில் வாழ்ந்த பிறகு அன்றுதான் அதைப் பார்த்தேன். அது எங்கள் வீட்டுப் பக்கமே வராத பிராணி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதன் விஞ்ஞானப் பெயரை அந்த மாணவர்கள்தான் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதித் தந்தார்கள்: ஸ்ரீலங்காமிஸ் ஒஹியென்சிஸ். முற்பாதியில் நாட்டின் பெயர், பிற்பாதியில் எங்கள் ஊரின் பெயர். முதலில் உலகமெங்கும் உள்ள எலிகளின் பேரினத்தோடு சேர்த்து எண்ணப்பட்டதை, 1981இல் மஸ்ஸர் என்ற ஆய்வாளர் தனியாகப் பிரித்து, இதற்கென்றே ஒரு பேரினத்தை வகுத்தார். அந்தப் பேரினத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, நாடற்றவராகவே செத்துப்போன ஒருவரின் பேரன் நான். பெயரிலேயே நாட்டையும் ஊரையும் வைத்திருக்கும் அந்த எலி மீது எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு என்பதை மறைக்க மாட்டேன்.

முகாமையாளர் அவர்களே, இந்த எலியை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் யார் தெரியுமா? உங்களைப் போல ஒரு துரைதான். டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் என்ற தோட்டத் துரை. தேயிலையைப் பார்த்துக்கொண்டே இந்த நாட்டின் பாலூட்டிகளையும் பார்த்து எழுதிவைத்தவர். 1929இல் ஒஹியாவின் பெயரைச் சூட்டி இதை விவரித்தார். மூன்று ஆண்டு கழித்து, 1932இல், இதே உயர்மலைக் காடுகளில் வாழும் இன்னொரு எலியையும் விவரித்தார். அதை நெலு எலி என்கிறார்கள். அதுவும் இலங்கைக்கு மட்டுமே உரியது. இரண்டும் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களாக இருக்கின்றன. அந்தத் துரையின் காலத்திலும் எலிக்கு நஞ்சு உண்டு, காட்டுக்குக் கத்தி உண்டு. வெட்டுவதற்கு முன் அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது. வெள்ளைக்காரத் துரையைப் புகழ எனக்கு ஆசையில்லை. எங்கள் பாட்டன்களைக் கேட்டால் அந்தக் காலத்தைப் பற்றி வேறு கதை சொல்வார்கள். இந்த ஒன்றை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

நெலு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நெலு நம் இலக்கியத்துக் குறிஞ்சியின் சொந்தக்காரச் செடி. ஆண்டுக்கணக்கில் பூக்காமல் இருந்து, ஒரே நேரத்தில் மலைச்சரிவு முழுவதும் பூத்து, காய்த்து, மடிந்துபோகும். 2013இல் ஹோட்டன் சமவெளியில் அது பூத்தபோது நாடே பஸ் பிடித்துப் பார்க்கப் போனது. பூவைப் பார்க்கப் போனவர்களுக்குப் பூவுக்குப் பிறகு வரும் விதையைப் பற்றி அக்கறை இல்லை. எலிக்கு அந்த விதைதான் திருவிழா.

இதைப் பற்றி 1861இலேயே எழுதியவர் ஒருவர் உண்டு. இங்கே குடியேற்ற அரசின் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட். காட்டில் நெலு மடிந்து உணவு தீர்ந்ததும், எலிகள் கூட்டம் கூட்டமாகக் கோப்பித் தோட்டங்களுக்குள் இறங்கி மொட்டையும் பூவையும் தின்றன என்கிறார். ஒரே நாளில் ஒரே தோட்டத்தில் ஆயிரம் எலிகள் வரை கொல்லப்பட்டனவாம். அதே இடத்தில் எங்களையும் பற்றி ஒரு வரி இருக்கிறது. தென்னிந்தியக் கூலிகளுக்கு இந்த எலி இறைச்சியில் அவ்வளவு பிரியமாம்; எலி வரும் தோட்டங்களாகப் பார்த்து வேலைக்குப் போவார்களாம்; தேங்காயெண்ணெயில் பொரித்தோ கறி வைத்தோ தின்பார்களாம். நான் அதை முதன்முதலில் வாசித்த இரவு தூங்கவில்லை. மாத்தளை வழியாகக் கால்நடையாக வந்து, வழியில் பலரைப் பறிகொடுத்து, அரிசிக்கு வழியில்லாமல் எலியைத் தின்றவனின் பசி, அதிகாரியின் பேனையில் "பிரியம்" ஆகிவிட்டது. அந்த வரியில் எங்களையும் எலியையும் ஒரே கண்ணால் பார்த்தார்கள். உங்கள் அறிவித்தலை வாசித்தபோது அந்த நினைப்பு வந்ததற்கு என்னை மன்னிக்க வேண்டியதில்லை.

ஆனால் டெனன்ட் எழுதியதில் உங்களுக்கு வேண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. காட்டெலி காட்டை விட்டு இறங்கியது, காட்டில் சாப்பாடு தீர்ந்தபோது. ஓடைக்கரைப் பற்றை என்று நீங்கள் வெட்டுவதில் பாதிக்குமேல் நெலுதான். மறைவும் உணவும் கொடுக்கும் செடியை வெட்டிவிட்டு, அதில் இருந்தவை மேலேதான் போகும், கீழே லயத்துப் பக்கம் திரும்பாது என்று யார் உத்தரவாதம் தருவது? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையை நாங்கள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. இங்கே பயம் லயத்து எலிக்கு, கொளுத்துவது அடுத்த வீட்டை.

நஞ்சைப் பற்றி இனிச் சொல்கிறேன். காற்றில் அடித்துவந்த ஒரு வெற்று உறையை எடுத்துப் படித்தேன். புரோமடியோலோன். இது தின்ற உடனே கொல்லும் மருந்து அல்ல. இரத்தம் உறைவதைத் தடுத்து, நான்கைந்து நாளில் உள்ளுக்குள் இரத்தம் கசியவைத்துக் கொல்லும். அதுவரை அந்த எலி தள்ளாடிக்கொண்டு நடமாடும். தள்ளாடும் எலியைத்தான் ஆந்தையும் பாம்பும் மரநாயும் காட்டுப்பூனையும் முதலில் பிடிக்கும். எலியின் ஈரலில் தங்கிய நஞ்சு அவற்றின் வயிற்றுக்குப் போகும். எலியைத் தின்று எலியைக் குறைக்கும் கூட்டத்தையே முதலில் சாகடித்துவிட்டு, அதற்கு எலி ஒழிப்பு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். எழுத்துப் பிழையோடு வைத்ததே பொருத்தம்.

கட்டி வைத்த ஆறாம் நாள், தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஓர் எலி செத்துக் கிடந்தது. முதுகு சாம்பல், வயிறு வெள்ளை, இரண்டு நிற வால். மூக்கோரம் காய்ந்த இரத்தம். எட்டாம் நாள் அதற்கு இருபது அடி தள்ளி ஓர் ஆந்தை. ஆந்தையைப் படம் எடுத்துவிட்டுப் புதைத்தேன். எலியைப் புதைக்க மனம் வரவில்லை. கெடாமல் வைக்க ஸ்பிரிட் வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு எங்கே போவது? அப்புத்தளைக்கு இறங்கிக் கால் போத்தல் சாராயம் வாங்கி வந்தேன். வாழ்நாளில் தொட்டறியாதவன் அறுபத்து மூன்று வயதில் சாராயம் வாங்கிப் போகிறான் என்று பஸ்சிலேயே செய்தி பரவி, நான் வீடு வருமுன் மனைவியிடம் வந்து சேர்ந்துவிட்டது. அந்த எலி இப்போது ஜாம் போத்தலில் என் மேசைமேல் இருக்கிறது. அது நான் நினைக்கும் எலிதானா என்று உறுதிசெய்யும் படிப்பு எனக்கில்லை. படித்தவர்கள் வந்து பார்க்கட்டும். நான் சொல்வது, பாராமல் கொல்லாதீர்கள் என்பதுதான்.

பீலியைச் சொன்னேன். அதையும் கேளுங்கள். கீழ் லயங்கள் மூன்றுக்கும், வேலைக்குப் போவோரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கும், பாடசாலைக்கும் குடிதண்ணீர் அந்த ஓடையிலிருந்துதான் வருகிறது. உங்கள் நீலக் கட்டிகளில் சில, தண்ணீர் எடுக்கும் தொட்டிக்கு மேற்பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தன. பதினொன்றை நானே பொறுக்கி எடுத்துப் பையில் கட்டி வைத்திருக்கிறேன். நிர்வாகத்தின் பொருளை எடுத்ததற்காக நடவடிக்கை எடுப்பதானால் எடுக்கலாம். விசாரணையில் இதே மடலை வாசிக்கிறேன். ஓடைக்கரையின் செடிகள் எலிக்காக மட்டும் நிற்கவில்லை. அவைதான் மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை. வெட்டிய பிறகு பெய்த முதல் மழையிலேயே பீலித் தண்ணீர் தேயிலைச் சாயம்போல வந்தது. இரண்டு நாள் பாடசாலையில் பிள்ளைகள் குடிக்கவில்லை.

இந்த மலைநாட்டில் 5,000 அடிக்கு மேல் காடு வெட்டக் கூடாது என்ற ஏற்பாடு நேற்று வந்ததல்ல. 1873இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்த ஹூக்கர் சொன்ன ஆலோசனையின் பேரில், கோப்பிக்காக மலையையே மொட்டையடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார அரசே போட்ட கட்டுப்பாடு அது. நதிகள் பிறக்கும் இடம் என்று அவர்களுக்கே பயம் வந்தது. எங்கள் மேல்மலை 5,000 அடிக்கு மேலே என்பது உங்கள் சொந்த வரைபடத்திலேயே இருக்கிறது.

என்னை மறுத்தவர்கள் உங்கள் பக்கம் மட்டும் இல்லை. உதவி முகாமையாளரான சின்னத்துரை சிரித்துக்கொண்டே "ஓர் எலிக்காகவா மாஸ்டர் இவ்வளவு?" என்றார். அவருக்குப் பதில் சொல்ல அவசரமில்லை. ஆனால் கீழ் லயத்து அம்மா ஒருவர் கைப்பிள்ளையோடு வந்து நின்று, "மாஸ்டர், உங்களுக்கு எலி பெரிதா, எங்கள் பிள்ளை பெரிதா?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. பிள்ளைதான் பெரிது, தாயே. அதனால்தான் கோபம். உங்கள் தலைக்கு மேல் ஓடும் எலிக்கு ஒரு பொறிக்கூடுகூடக் கொடுக்காமல், ஒரு கிலோமீற்றர் தள்ளிக் காட்டில் நஞ்சை வைத்துவிட்டு, உங்கள் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார்கள். நாளை மழையில் கான் மறுபடி அடைபட்டால், காய்ச்சல் வருவது அதே காம்பராவுக்கு. காட்டெலிக்குக் கிருமியே இருக்காது என்று நான் சத்தியம் செய்யவில்லை. அந்தக் காட்டெலி உங்கள் தொட்டிலுக்குக் கீழே வருவதில்லை என்றுதான் சொல்கிறேன். அந்த அம்மா அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை நான் குப்பைமேட்டைப் படம் எடுக்க வந்தபோது அவர்தான் கூடையைத் தூக்கி வழிவிட்டார்.

இன்னொரு பேச்சும் ஊரில் அடிபடுகிறது. ஓடைக்கரை வெளியானதும், அந்தத் திருப்பத்திலிருந்து பள்ளத்தாக்குக் காட்சி நன்றாகத் தெரிகிறது; அங்கே உல்லாசப் பயணிகளுக்கு விடுதி வரப்போகிறது என்கிறார்கள். குற்றச்சாட்டாக அல்ல, கேள்வியாகவே வைக்கிறேன்: வருமா, வராதா? வருவதாக இருந்தால் அதை எங்கள் காய்ச்சலின் பெயரில் செய்ய வேண்டாம்.

எங்களுக்கு வேண்டியது என்ன என்று இனி நேராகச் சொல்கிறேன். காட்டோரத்திலும் ஓடைக்கரையிலும் வைத்த நஞ்சுக்கட்டிகள் ஒன்றுவிடாமல் இந்த வாரத்துக்குள் எடுக்கப்பட வேண்டும். எத்தனை வைத்தீர்கள், எத்தனை எடுத்தீர்கள் என்ற கணக்கைப் பிரட்டுக்களத்தில் மூன்று மொழியிலும் ஒட்ட வேண்டும். என்னிடம் உள்ள பதினொன்றையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பற்றை வெட்டும் வேலை இன்றே நிற்க வேண்டும். வெட்டிய இடத்தை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தினரும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தினரும் வந்து பார்க்கும்வரை யாரும் அங்கே கத்தி வைக்கக் கூடாது. அவர்களை அழைத்துக் கடிதம் எழுத வேண்டியது நிர்வாகம், அதன் பிரதியை எங்களுக்குத் தர வேண்டும். பீலித் தொட்டித் தண்ணீரைப் பரிசோதித்து முடிவைச் சொல்லும்வரை பாடசாலைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் பவுசரில் தண்ணீர் வர வேண்டும்.

லயத்து எலிக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய இவ்வளவு தூரம் மலையேற வேண்டியதில்லை. ஓட்டைத் தகரங்களை மாற்றுங்கள், காம்பராச் சுவர்களைக் கூரைவரை எழுப்புங்கள். வீட்டுக்கு ஒரு பொறிக்கூடும், அரிசி வைக்க மூடியுள்ள தகர டின்னும் கொடுங்கள். நஞ்சுக்கும் எட்டு ஆள் கூலிக்கும் செலவான பணத்தில் எத்தனை வாங்கலாம் என்று உங்கள் கிளாக்கரே கணக்குப் பார்க்கட்டும். பிரதேச சபையோடு பேசி வாரத்தில் இரண்டு நாள் குப்பை வண்டியை மேல் லயம்வரை வரவழைக்க வேண்டும்; ஏற்றம் செங்குத்து என்றால் சின்ன லொறியைத் தோட்டம் கொடுக்கட்டும். கானுக்குள் இறங்கும் ஒவ்வொருவருக்கும் சப்பாத்தும் கையுறையும் இல்லாமல் வேலை கொடுக்கக் கூடாது. வயலில் இறங்குவோருக்கு வழங்கப்படும் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை எங்கள் கான் வேலைக்காரருக்கும் தேவையா என்று சுகாதார மருத்துவ அதிகாரியிடம் கேட்டு, அவர் சொல்வதை எழுத்தில் தாருங்கள். ஐப்பசியில் படுத்த இருவருக்கும் இழந்த நாட்கூலி வர வேண்டும். அதற்கு விண்ணப்பப் படிவம் வேண்டுமென்றால் நானே நிரப்பித் தருகிறேன்.

அடுத்த அறிவித்தலின் தமிழை அச்சுக்கு முன் என்னிடம் அனுப்பினால் கூலி வாங்காமல் திருத்திக் கொடுப்பேன்.

போத்தல் என் மேசையில் இருக்கிறது. திணைக்களத்திலிருந்து ஆள் வரும் நாளை முன்கூட்டிச் சொல்லுங்கள். பட்டிப்பொலப் பக்கமிருந்து வரும் ரயிலுக்கு ஒஹியா நிலையத்தில் நானே வந்து நின்று அழைத்து வருகிறேன். அதற்கு முன் முகாமையாளர் அவர்கள் ஒருமுறை வந்து அந்த வெள்ளை வயிற்றைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மாலை ஐந்து மணிக்குப் பிறகு எந்த நாளும் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மேல் லயத்தடி,
ஒஹியாப் பக்கத்துத் தோட்டம்.